வழித்துணையும் துடுப்பும்

அரபு மொழியில் பயணத்தை 'ஸஃபர்' என்பர். அச்சொல்லின் வேர்ப்பொருள் திரையை விலக்குதல் என்பதாகும். வைகறை வெளுத்து உலகம் கண்ணுக்குப் புலனாவதை 'இஸ்ஃபார்' என்று வழங்குவதும் இவ்வேரிலிருந்துதான். மனிதரின் குணங்களை மூடியிருக்கும் திரையைப் பயணம் விலக்கிவிடுவதால் அதற்கு இப்பெயர் பொருந்திற்று என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் பயண ஒழுக்கங்களைப் பேசுமிடத்தில் விளக்குகிறார்கள். ஒருவரை நல்லவரென்று சான்று கூற வந்த மனிதரிடம், அவரோடு கொடுக்கல் வாங்கல் உண்டா, பயணம் போனதுண்டா என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வினவியதையும், இல்லை என்ற விடை கேட்டு, அப்படியாயின் அவரை நீர் அறியமாட்டீர் என்று கூறியதையும் மதரஸாவில் ஓதியோர் யாவரும் அறிவர். பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் பல்லாண்டு நின்று தொழுதவரைக்கூட, மூன்று நாள் ஒரே கூடாரத்தில் படுத்தெழுந்த பின்னர்தான் நாம் சரிவரப் புரிந்து கொள்கிறோம்.

இக்காலத்தில் பயணங்களுக்குக் குறைவில்லை. பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நாகூர்த் தெருக்களில் இரவு பத்து மணிக்கு வேன்கள் வந்து நிற்கின்றன. அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை, பாய் தலையணை எல்லாம் கூரைமேல் ஏறுகின்றன. இரண்டு நாளில் ஏழு இடங்களைப் 'பார்த்து' முடித்து, கைப்பேசி நிறையப் படங்களோடும் கண் நிறையத் தூக்கத்தோடும் திரும்புகிறார்கள். மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் துரை 1863இல் ஓடையை மறித்து உண்டாக்கிய கொடைக்கானல் ஏரிக்கு அப்படிச் சென்று வந்த உறவுக்கார லாத்தா ஒருவரிடம், "ஏரி எப்படி இருந்தது?" என்று கேட்டோம். "ஏரியை எங்கே தம்பி பார்த்தேன்? அண்டா கழுவுன தண்ணி ஐசுக்கட்டியா இருந்துச்சு. அதுதான் எனக்குத் தெரியும்" என்றார். ஆண்களும் பிள்ளைகளும் படகேறிப் போயிருந்த வேளையில் அவர் இருபது பேருக்குச் சோறாக்கிக் கொண்டிருந்திருக்கிறார். வீட்டு அடுப்பங்கரையை மலைமேல் கொண்டு போய் இறக்கி வைத்ததைத் தவிர, அவருக்கு அந்தப் பயணத்தில் வேறொன்றும் நிகழவில்லை.

நாமும் நம்மூர் அன்பர்கள் சிலரும் சில ஆண்டுகளாக வேறொரு வகையில் பயணம் போய் வருகிறோம். தை பிறந்து மழை ஓய்ந்ததும், இரண்டு கார்களிலும் ஒரு வேனிலுமாகக் குடும்பங்களோடு புறப்படுவோம். வேளாங்கண்ணி, திருப்பூண்டி, திருத்துறைப்பூண்டி வழியே முத்துப்பேட்டை. மூன்று நாளும் ஓரிடந்தான். சம்பா அறுவடை நடக்கும் வயல்களின் நடுவே போகும் இச்சாலை காவிரியின் கடைமடைச் சாலை. குடகில் பிறந்த நீர் அணைகளையும் மதகுகளையும் கடந்து, வெண்ணாற்றுக் கிளைகளாகிய கோரையாறு, பாமணியாறு முதலியவற்றின் வழியே முத்துப்பேட்டைக் காயலில் வந்து ஓய்கிறது. ஆற்றங்கரையில் அன்பர் ஒருவரின் தென்னந்தோப்பில் கூடாரம் அடிப்போம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கரையேறிய கஜா புயல் அத்தோப்பின் மரங்களிற் பாதியைச் சாய்த்துவிட்டது. சாய்ந்தவற்றின் இடத்தில் வைத்த கன்றுகள் வளர்ந்து வருகின்றன. கன்றுகளுக்கு இடையிலுள்ள வெட்டவெளிதான் எங்களுக்கு இராத்தங்கல்.

ஏன் காயற்கரை என்று கேட்பவர்கள் உண்டு. நாகூர் கப்பலால் வாழ்ந்த ஊர். கந்தூரிக் கொடி ஊர்வலத்தில் இன்றைக்கும் கப்பல் வடிவ ரதங்கள் வருகின்றன. கப்பலின் ஓட்டையை நாயகம் அவர்கள் அடைத்த காரணச் சரிதத்தைக் கேளாத குழந்தை நம்மூரில் இல்லை. ரஜூலா கப்பல் ஓடிய நாளில், கரையருகே ஆழமில்லாத நாகப்பட்டினத்தில் படகேறிச் சென்று, நடுக்கடலில் நின்ற கப்பலில் தொற்றி ஏறி, பினாங்கும் சிங்கப்பூரும் போனவர்கள் நம் பாட்டன்மார். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் திருச்சியில் விமானம் ஏறுகிறார்கள். மீனவச் சகோதரர்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், துடுப்பைக் கையில் பிடித்தறிந்த பிள்ளையை நம் தெருக்களில் தேடத்தான் வேண்டும். நீரோடு அற்றுப்போன அந்த உறவை மூன்று நாளாவது புதுப்பிக்கலாமே என்பதுதான் நம் எண்ணம்.

மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரை அமீராக்கிக் கொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்திருக்கிறார்கள். சென்ற தைப் பயணத்தில் நாங்கள் இருபத்திரண்டு பேர். அமீராகத் தேர்ந்தது வயதில் மூத்தவரையுமல்ல, ஓதியவரையுமல்ல. மோட்டார்ப் பட்டறையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவரை. வண்டியையும் கயிற்றையும் அடுப்பையும் அறிந்தவர் அவரே. அவர் முதலில் செய்தது, வேலைகளை ஒரு தாளில் எழுதி வேனின் கண்ணாடியில் ஒட்டியதாகும். பகல் உணவு ஆண்களின் பொறுப்பு. இரவுக்குப் புளியாணமும் சோறும் பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஆக்குவது. பாத்திரம் கழுவுதல் முறைவைத்து, யாவருக்கும்.

ஜவுளி வியாபாரியான நானா ஒருவர் தம் பெயருக்கு நேரே 'அண்டா' என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரித்தார்; பிறகு முகம் சுளித்தார். அவருக்கு ஒரு செய்தியை நினைவூட்டினோம். பயணத்தில் தோழர்கள் ஆடறுக்க ஒருவர், உரிக்க ஒருவர், சமைக்க ஒருவர் என்று வேலையைப் பங்கிட்டுக்கொண்டபோது, விறகு பொறுக்குவது தம் பங்கு என்று பெருமானார் எழுந்ததாக சீறா நூல்களில் வருகிறதல்லவா? நானா பதில் பேசவில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பின் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஆற்றுப்படியில் அண்டாவை உருட்டிக் கொண்டிருந்தார். கொடைக்கானலில் ஏரியைப் பார்க்காத லாத்தா அந்த வேளையில் முதற்படகில் இருந்தார்.

படகைப் பற்றி ஒரு வார்த்தை. காயலுக்குச் செல்ல வனத்துறையின் அனுமதி பெற்று ஜாம்புவானோடையில் படகேற வேண்டும். இருபத்திரண்டு பேரும் ஒரே படகில் போனால் செலவு பாதியாகும், நேரமும் மிஞ்சும் என்று சிலர் வாதிட்டார்கள். அமீர் இணங்கவில்லை. படகுக்காரர் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஒரு குழந்தையும் ஏறக்கூடாது. மிதவை அங்கி அணியாதவர் கரையில் நிற்கட்டும் என்றுவிட்டார். முணுமுணுப்பு எழுந்தது. ஆயினும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 2009 செப்டம்பர் 30ஆம் நாள் தேக்கடி ஏரியில், கரையிலிருந்த விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கம் சாய, படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். 2011 டிசம்பர் 25ஆம் நாள் பழவேற்காடு ஏரியில், எங்களைப் போலவே குடும்பத்தோடு உல்லாசப் பயணம் வந்தவர்களில் 22 பேர் மூழ்கினர். இரண்டிடத்தும் மனிதர்கள் தீயவர்களல்லர். வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தை ஒருவரிடம் கொடுத்து அதற்குக் கட்டுப்படும் வழக்கம் நம் கூட்டங்களில் இல்லை; அக்குறைக்கு நாம் உயிரை விலையாகக் கொடுத்து வருகிறோம்.

கீழ்த்தட்டில் இருந்தோர் தண்ணீருக்காகக் கப்பலில் துளையிட முனைந்தபோது, மேல்தட்டினர் அவர்கள் கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பர், விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவர் என்னும் நபிமொழியை வகுப்பில் உவமையாகவே விளக்குவது வழக்கம். ஜாம்புவானோடைப் படித்துறையில் அது உவமையாக இருக்கவில்லை. அரைமணி நேரம் தாமதித்து இரண்டாவது படகு அமர்த்தினோம். காசு கூடிற்று. மனம் இலேசாக இருந்தது.

கோரையாற்றின் போக்கிலே நெடுந்தூரம் சென்றால் இருகரையும் பசுஞ்சுவராக நெருங்கி வருகின்றன. அலையாத்தி மரங்களும் இடையிடையே தில்லையும் அடர்ந்த காடு அது. உப்பு நீரில் நின்று உயிர்வாழும் உபாயத்தை அம்மரங்களுக்கு அல்லாஹ் கற்றுக் கொடுத்திருக்கிறான். சேற்றுக்குள் காற்றில்லை, ஆகவே வேர்கள் விரல் விரலாக மேல்நோக்கி முளைத்து மூச்சு விடுகின்றன. உட்சென்ற உப்பை அலையாத்தி இலை வெளியே கக்கிவிடுகிறது. ஒரு சிறுமி இலையை நக்கிப் பார்த்து, "உம்மா, கரிக்குது!" என்று கூவினாள். தில்லையின் பாலோ கண்ணில் பட்டால் கேடு. படகுக்காரர் அதைத் தொட வேண்டாமென்று எச்சரித்தார். பின்னர் காடு விலகி, வானத்தின் அளவுக்குக் காயல் விரிகிறது. பரப்பு பெரிது, ஆழமோ பெரும்பாலும் ஆளுயரத்துக்குக் குறைவு. தொலைவில் பூநாரைகள் ஒரு வெண்கோடாக நின்றன. கோடியக்கரைச் சரணாலயத்தோடு இந்தக் காடும் காயலும் சேர்ந்த 38,500 ஹெக்டேர் நிலம் 2002இல் ராம்சார் பட்டியலில் ஏறி, உலகம் காக்க வேண்டிய ஈரநிலமாயிற்று.

மாலையில் தோப்பின் ஓரத்தில் ஒரு சிறு வத்தையில் பிள்ளைகளுக்குத் துடுப்புப் போடப் பழக்கினார் மீனவப் பெரியவர் ஒருவர். முதலில் இருவர் ஏறினர், இருவரும் பலசாலிகள். இவர் வலப்பக்கம் வேகமாக வலிக்க, அவர் இடப்பக்கம் தம் மனம்போல் வலிக்க, வத்தை நின்ற இடத்திலேயே சுற்றிற்று. "பலம் வேணாம் தம்பி, ரெண்டு பேரும் ஒரே மூச்சுல போடுங்க" என்றார் பெரியவர். முன்னால் இருப்பவன் எண்ண, பின்னால் இருப்பவன் அந்த எண்ணுக்குத் துடுப்பை இறக்க, வத்தை கோடு கிழித்தாற்போல நேரே ஓடிற்று. ஜமாஅத்தாகத் தொழுகையில் இமாமை முந்தக்கூடாது என்னும் சட்டத்தின் நுட்பம் அன்று அப்பிள்ளைகளின் தோளில் இறங்கிற்று என்று தோன்றியது.

மறுநாள் சுபுஹுக்குப் பின் கரையோரமாக நடந்தோம். காட்டின் வரலாற்றை வழியிலேயே படிக்க முடிகிறது. முற்காலத்தில் இங்கே பகுதி பகுதியாக மரங்களை அடியோடு வெட்டி விற்றார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து தாழ்ந்து பள்ளமாயிற்று. பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் வற்றி உப்புக் கூடிற்று. அதன்பின் விதை விழுந்தும் முளைக்கவில்லை. 1990களில் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கிராம மக்களும் சேர்ந்து, நடுவே ஒரு வாய்க்காலும் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களுமாக மீன்முள் வடிவில் வெட்டினர். ஏற்றத்தில் நீர் உள்ளே போய் வற்றத்தில் வெளியேற, உப்பு தணிந்து நட்ட கன்றுகள் பிழைத்தன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் நம் நாகூர்க் கரை இழந்த உயிர்களை யார் மறப்பார்? இந்தக் காடு இருந்த பக்கத்தில் அலையின் வேகம் தணிந்தது என்று ஆய்ந்தோர் கூறுகின்றனர். தேங்கினால் உப்பு, ஓடினால் உயிர் என்னும் பாடம் நிலத்துக்கு மட்டுமுரியதன்று. பண்டிதர் சமூகத்துக்கும் உரியது.

ஃபிக்ஹு நூல்களின் முதற்பாடம் தூய்மை. தேங்கிய நீரில், பாதையில், மனிதர் ஒதுங்கும் நிழலில், உயிரினங்களின் வளையில் அசுத்தம் செய்யலாகாது என்று அதிலே வருகிறது. ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்காதே என்று வருகிறது. கடலோடி ஒருவர் கேட்ட கேள்விக்கு, கடல்நீர் தூய்மையாக்கும் நீரே என்ற விடை வருகிறது. வீட்டுக்கு வீடு குழாயும் கழிவறையும் உள்ள ஊரில் இவற்றை ஓதும் பிள்ளைக்கு, யாருக்காக இச்சட்டங்கள் என்று ஐயம் எழும். கூடாரத்தில் தங்கியவனுக்கு எழாது. நண்டு வளைகள் நிறைந்த கரையில் நின்று ஒரு மாணவன், "ஹஜ்ரத், வளையில் கூடாது என்றது இதற்குத்தானா?" என்று கேட்டான். நாம் தலையசைத்தோம். அன்று மாலை பிள்ளைகள் தாமாகவே ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு போய், நமக்கு முன் வந்தவர்கள் விட்டுச்சென்ற நெகிழித் தட்டுகளையும் குப்பிகளையும் பொறுக்கி வந்தார்கள். நிழலையும் நீரையும் கெடுத்தோரைச் சபிப்பதைவிட, கெட்டதைப் பொறுக்கி எடுப்பது பிள்ளைகளுக்கு எளிதாக இருந்தது.

இத்தகைய பயணத்துக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. தார்ப்பாய், கயிறு, விளக்கு, கொசுவலை, குடிநீர், முதலுதவிப் பெட்டி. அவற்றுக்கும் முன்பாக, கட்டளைக்கு எல்லோரும் பணியும்படியான ஓர் அமீர். முத்துப்பேட்டைதான் வேண்டுமென்பதில்லை. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் நம் பக்கத்திலேயே உள்ளன. வீராணம் சிறிது வடக்கே. அங்கங்கே உள்ள விதிக்கு உட்பட்டுக் கரையில் நடக்கலாம். இடம் இருந்தால் தங்கலாம். பறவைகள் கலையாதபடி பேசாமல் உட்காரலாம்.

பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு திருமறை பலவிடங்களில் ஏவுகிறது. பார்ப்பது என்பதன் பொருளை நாம் சுருக்கிவிட்டோம். உடன் வந்தவரின் களைப்பைப் பார்ப்பது, அடுப்படியில் இருப்பவர் படகேறினாரா என்று பார்ப்பது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது, எழுந்து போகுமுன் இருந்த இடத்தைத் திரும்பிப் பார்ப்பது எல்லாம் அந்த ஏவலில் அடங்கும். அவ்வாறு பார்க்கும் கண்ணோடு இந்த வருடம் இன்னும் சில குடும்பங்கள் நம்மூரிலிருந்து புறப்படுமாயின், கடைமடைக்கு வந்து சேரும் காவிரியைப் போல நம் மனமும் சற்று விரியும். அதற்கு வல்ல நாயன் அருள் புரிவானாக.