ஷாட்டைத் திருத்துகிறவர்கள்

இரவு ஏழரை மணிக்கு ஆட்டம் என்றால், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏயின் அரங்குகளில் வேலை நாலரை மணிவாக்கிலேயே தொடங்கிவிடுகிறது. பல்லாயிரம் நாற்காலிகளும் காலியாகக் கிடக்கின்றன. வளையத்துக்குக் கீழே ஓர் உதவிப் பயிற்சியாளர் நிற்கிறார். ஆடுகளத்தின் மூலையில் இருபது வயதுப் புதுமுகம் ஒருவன் பந்தை எறிகிறான். பந்து வலைக்குள் விழுகிறது, இல்லையென்றால் வளையத்தில் பட்டுத் தெறிக்கிறது. எதுவானாலும் கீழே நிற்பவர் அதைப் பிடித்து அவன் நெஞ்சுக்கு நேராகத் திருப்பி அனுப்புகிறார். ஓரிடத்தில் சில எறிவு, நாலடி தள்ளி மறுபடி சில எறிவு. கைதட்ட ஆளில்லை. இடையிடையே பயிற்சியாளர் "முழங்கை" என்கிறார், "பாதம்" என்கிறார். சில நேரம் பக்கத்தில் வந்து கட்டைவிரலைத் தொட்டுச் சரிசெய்துவிட்டுத் தன் இடத்துக்குப் போகிறார். காலி அரங்கின் ஓரத்திலிருந்து இதைக் கவனிக்கையில், நாம் விளையாட்டுப் பக்கங்களில் படிக்கும் கதை பாதிக் கதைதான் என்று எனக்குப் படுகிறது. ஓர் இளம் வீரர், அணிகள் புதுமுகங்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், எத்தனையாவது ஆளாக அழைக்கப்பட்டார் என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். அவர் யார் கையில் போய்ச் சேர்ந்தார் என்பதை எழுதுகிறவர்கள் குறைவு. முதல் மூன்று நான்கு ஆண்டுகளின் போக்கைத் தீர்மானிப்பதில் இரண்டாவதற்குத்தான் எடை அதிகம் என்பது என் கட்சி.

இதற்கு நான் முன்வைக்கும் முதல் சாட்சி கவாய் லெனர்ட். 2011 ஜூன் 23 அன்று நடந்த டிராஃப்டில் இந்தியானா அணி அவரை 15ஆவது ஆளாக எடுத்தது. அன்றிரவே சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி, தன் தலைமைப் பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச்சுக்கு மிகப் பிடித்தமான ஜார்ஜ் ஹில்லைக் கொடுத்து அவரை வாங்கிக்கொண்டது. தடுப்பாட்டம், ரீபவுண்ட் (தவறிய எறிவின் பந்தைப் பிடிப்பது) இரண்டிலும் அவரைப் பற்றி யாருக்கும் ஐயமில்லை. ஐயமெல்லாம் அவருடைய ஷாட்டில்தான். சான் டியேகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடிய இரண்டு ஆண்டுகளில், மூன்று புள்ளி எறிவுகளில் முதல் ஆண்டு நூற்றுக்கு 20.5, இரண்டாம் ஆண்டு 29.1 என்ற அளவில்தான் உள்ளே விழுந்தன. கல்லூரி ஆட்டத்தின் மூன்று புள்ளிக் கோடு அப்போது வளையத்திலிருந்து 20 அடி 9 அங்குலம். என்பிஏ கோடு 23 அடி 9 அங்குலம். மூலையில் மட்டும் 22 அடி. கிட்டத்திலேயே தவறுகிறவர் எட்டத்திலிருந்து எப்படிப் போடுவார் என்று கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் முதல் என்பிஏ பருவத்தில் அவர் விகிதம் 37.6. தூரம் கூடியது, குறி தேறியது.

இடையில் நடந்ததைப் பார்க்க வேண்டும். ஸ்பர்ஸ் அணியில் சிப் எங்கலண்ட் என்ற உதவிப் பயிற்சியாளர் இருந்தார். டியூக் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். ஷாட்டைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டவர். அந்த ஆண்டு ஜூலை 1 அன்று உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் ஊதியத் தகராறு முற்றி லீக் பூட்டப்பட்டது. அதன்பின் அணி ஊழியர்கள் வீரர்களோடு பேசக்கூடக் கூடாது. எனவே எங்கலண்டுக்குக் கிடைத்தது சில நாட்கள்தான். அதற்குள் பந்து கையை விட்டுப் புறப்படும் இடத்தை மாற்றிக் காட்டினார். டிசம்பர் வரை நீண்ட கதவடைப்பில் லெனர்ட் அந்தப் பாடத்தை அணியின் துணையில்லாமல் தானே போட்டுப் போட்டுப் பழகினார். குரு காட்டியது சில நாள், சிஷ்யன் கைக்குக் கொண்டுவந்தது ஐந்து மாதம். இந்தக் கணக்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது. நல்ல ஆசாரி உளியை எப்படிப் பிடிப்பதென்று காட்டுவார், மரத்தைச் செதுக்க வேண்டியவன் பையன்தான்.

வேலையின் நுணுக்கத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். வளையத்தின் உள்விட்டம் 18 அங்குலம், பந்தின் விட்டம் ஏறக்குறைய ஒன்பதரை. உயரமான வளைவில் வரும் பந்துக்கு வளையம் அகலமாகத் திறக்கிறது. தட்டையாக வரும் பந்துக்கு அதே வளையம் சுருங்கிவிடுகிறது. விரல் நுனியிலிருந்து பின்னோக்கிச் சுழன்று வரும் பந்து வளையத்தில் பட்டாலும் வேகம் அடங்கி உள்ளே சரியும். எறியும் கையின் கட்டைவிரலோ, தாங்கும் கையோ பக்கவாட்டில் அழுத்திவிட்டால் பந்து பக்கமாகச் சுழன்று வெளியே தெறிக்கும். ஸ்பர்ஸ் வீரர் டோனி பார்க்கரிடம் எங்கலண்ட் கைவைத்தது இப்படிப்பட்ட இடங்களில்தான். 2005இல் எங்கலண்ட் ஸ்பர்ஸுக்கு வந்தபோது பார்க்கர் ஏற்கெனவே இரண்டு சாம்பியன் பட்டம் வென்றவர். அப்படிப்பட்டவரை மூன்று புள்ளி எறிவை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டு, கிட்டத்து ஷாட்டை அடியிலிருந்து கட்டச் சொன்னார். ஒரே பருவத்தில் பார்க்கரின் கள எறிவு விகிதம் 48.2இலிருந்து 54.8க்கு ஏறியது. 2007 இறுதிப் போட்டித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான்.

லெனர்டுக்குப் பிறவியிலேயே அமைந்த உடல், யார் கையில் போயிருந்தாலும் ஜொலித்திருப்பார் என்பார்கள். விரித்தால் பதினொன்றேகால் அங்குலம் வரும் கைகள், உண்மைதான். பந்தைத் தட்டிப் பறிக்கவும் ரீபவுண்ட் எடுக்கவும் அவை பெரிய வரம். ஆனால் கல்லூரியில் 29.1 போட்டபோதும் அதே கைகள்தான், என்பிஏயில் 37.6 போட்டபோதும் அதே கைகள்தான். இடையே மாறியது கற்றுக்கொண்ட வித்தை.

கனமான ஆட்சேபம் வேறொன்று. 2012 டிராஃப்டில் இரண்டாவதாகப் போன மைக்கேல் கிட்-கில்கிறிஸ்டுக்கும் இதே குறை இருந்தது. அவர் ஷாட் நடுவழியில் தடுக்கி நிற்கும். சார்லட் அணி 2013இல் மார்க் பிரைஸை உதவிப் பயிற்சியாளராக அமர்த்தியது. தன் காலத்தில் ஃப்ரீ த்ரோவில் நூற்றுக்குத் தொண்ணூறு போட்டவர் பிரைஸ். இதைவிடப் பெரிய கைக்காரர் கிடைப்பது அரிது. அப்படியும் அந்த ஷாட் நிலைக்கவில்லை. அப்படியானால் ஆசிரியரால் என்ன பயன் என்று கேட்கலாம். நான் இதை மழுப்ப விரும்பவில்லை: எல்லா உடம்பும் திருத்தத்துக்கு வளைந்துகொடுப்பதில்லை, காயங்களும் அவரை விடவில்லை. ஆனால் இருவரும் போய்ச் சேர்ந்த இடங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். சார்லட், கிட்-கில்கிறிஸ்ட் வருவதற்கு முந்தைய பருவத்தில் 66 ஆட்டத்தில் 7 மட்டும் வென்றிருந்த அணி. பத்தொன்பது வயதுப் பையன் முதல் நாளே தூணாக நிற்க வேண்டும். ஷாட்டைப் பிரித்துப் பழுதுபார்க்கும்போதே இரவுக்கு இரவு ஆட வேண்டும். லெனர்டுக்கோ ஸ்பர்ஸின் மூத்த வீரர்கள் டங்கன், பார்க்கர், ஜினோபிலி மூவரும் பாரத்தைச் சுமந்தார்கள். அவர் தடுக்க வேண்டும், ஓட வேண்டும், மூலையில் பந்து வந்தால் போட வேண்டும், அவ்வளவுதான். ஆசிரியரோடு அவகாசமும் சேர்ந்தால்தான் வித்தை படியும். "மோசமான அணியில் நிறைய நேரம் ஆடினால் தானே கற்றுக்கொள்வான்" என்பதை நான் ஏற்காததும் இதனால்தான். தவறான ஷாட்டை ஆயிரம் முறை போட்டால் தவறுதான் கைப்பழக்கமாகும்.

இன்னோர் எச்சரிக்கையும் தேவை. 2017இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட மார்கெல் ஃபல்ட்ஸின் ஷாட் திடீரெனக் குலைந்தது. மனக்கோளாறு என்றார்கள், பயிற்சிக் கோளாறு என்றார்கள். கழுத்துக்கும் தோளுக்கும் இடையே நரம்பு நெரிபடும் நோய் என்று 2018 டிசம்பரில்தான் தெரிந்தது. திருத்துகிறவருக்குத் தன் எல்லை எதுவென்றும், மருத்துவரை எப்போது கூப்பிட வேண்டுமென்றும் தெரிந்திருக்க வேண்டும்.

லெனர்டின் வளர்ச்சியைப் பருவவாரியாகப் பாருங்கள்: ஆட்டத்துக்குச் சராசரி 7.9, 11.9, 12.8, 16.5, 21.2, 25.5 புள்ளிகள். ஒவ்வொன்றும் முந்தையதன்மேல் கட்டிய படி. நடுவே 2013 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். மயாமிக்கு எதிராக 19.4 விநாடி மிச்சமிருக்கையில் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்றைத் தவறவிட்டார். பிறகு ரே ஆலன் போட்ட மூன்று புள்ளியில் ஆட்டம் சமனாகி, பட்டமும் கைநழுவியது. அடுத்த ஆண்டு அதே மயாமிக்கு எதிராகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆனபோது அவருக்கு வயது 22. ஒரே இரவில் உதித்த நட்சத்திரம் என்று எழுதுகிறவர்கள் இந்த மூன்று ஆண்டுகளையும் அவருக்குப் பந்து எடுத்துக் கொடுத்தவர்களையும் சேர்த்து எழுத வேண்டும். எதிரணியின் தலைமைப் பயிற்சியாளர் எரிக் ஸ்போல்ஸ்ட்ராவும் 1995இல் மயாமியின் வீடியோ அறையில் தொடங்கியவர். அந்த அணியின் இளம் வீரர் டுவெய்ன் வேடின் ஷாட்டோடு உட்கார்ந்து உழைத்தவர். இந்தத் தொழிலாளர்களை எல்லா நல்ல அணிகளிலும் காணலாம்.

லெனர்ட் 2018இல் சான் அன்டோனியோவை விட்டார். மறு ஆண்டே டொரான்டோவுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். எங்கலண்ட் 2022இல் ஓக்லஹோமா சிட்டிக்குப் போனார். அந்த அணி 2025இல் சாம்பியன். என்பிஏ ஆட்டமொன்றை நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், கதவு திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். எறிகிறவனைக் கொஞ்சம் விட்டுவிட்டு, வளையத்துக்குக் கீழே நிற்பவரைப் பாருங்கள்.