மொஸ்கோவிற் கேட்ட குரல்

மொஸ்கோ நகரின் வாகன்கோவோ மயானத்துக்கு என்னை அழைத்துச் சென்றவர், காலஞ்சென்ற என் சித்தப்பாவின் பழைய அறைத்தோழர். அது 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம். வாயிலைக் கடந்ததுமே ஒரு சிலை எதிரே நிற்கின்றது. துணியாற் சுற்றிக் கட்டுண்ட மனிதன் ஒருவன் விடுபட முனைகின்றான். தலைக்குப் பின்னே ஒளிவட்டம்போல ஒரு கித்தார். அருகே குதிரைத் தலைகள். விசேட தினம் எதுவுமில்லை. ஆயினும் சிலையின் அடியிலே புதுமலர்கள் குவிந்து கிடந்தன.

“இது யாருடைய சமாதி?” என்று கேட்டேன்.

முதியவர் திகைத்து நின்றார். “உம்முடைய சித்தப்பா சொல்லவில்லையா? அவர் ஊருக்குக் கொண்டுபோன நாடாவிலே பாடியவர் இவர்தானே!”

அந்த நாடாவை நான் நன்கறிவேன். 1970களில் லுமும்பா சர்வகலாசாலையிற் பொறியியல் பயின்ற சித்தப்பா, வட்டச் சுருளாக ஒரு ஒலிப்பதிவு நாடாவை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு வந்திருந்தார். பெட்டியின்மேல் எவர்க்கும் விளங்காத எழுத்துக்கள். அதனை இசைக்கும் கருவி எங்கள் வீட்டில் இருந்ததில்லை. 1990இல் மின்சாரமும் போயிற்று. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவின் தயவில் நாங்கள் வானொலி கேட்ட காலம் அது. 1995 ஒக்டோபரில் ஊரோடு இடம்பெயர்ந்தோம். மறுவருடம் திரும்பியபோது அலுமாரியே இல்லை. நாடாவை யார் தேடினார்கள்?

பாடியவர் பெயர் விளாதிமிர் விசோத்ஸ்கி. 1938இல் பிறந்து, 1980 ஜூலை 25ஆம் நாள், மொஸ்கோவில் ஒலிம்பிக் விளையாட்டு நடந்துகொண்டிருக்கையில், நாற்பத்திரண்டு வயதில் மறைந்தார். தகான்கா நாடக அரங்கிலே 1971 முதல் ஹாம்லெட்டாக நடித்தவர். தாமே இயற்றித் தாமே பாடிய பாடல்கள் அறுநூறுக்கு மேல். வாழ்ந்த காலத்தில் அரசாங்க நிறுவனம் அவருக்கு வெளியிட்டது சில சிறிய இசைத்தட்டுக்களே. எழுத்தாளர் சங்கம் அவரை உறுப்பினராக்கவில்லை. கவிதைத் தொகுதி வெளிவந்தது இறந்த மறுவருடம். ஆயினும் அவரை அறியாத வீடு அந்நாட்டில் அரிது. நண்பர் வீட்டிலோ தொழிற்சாலை மண்டபத்திலோ அவர் பாடுவார். யாரோ ஒருவர் ஒலிவாங்கியை நீட்டுவார். அந்நாடாவிலிருந்து மற்றொன்று, அதிலிருந்து இன்னொன்று என்று அது ஊரூராய்ப் பரவும்.

அன்று மாலை முதியவர் வீட்டில், அந்நகரத்து நதியொன்றின் பெயரையே கொண்ட ‘யாவுஸா’ என்னும் பழைய கருவியை மேசைமேல் வைத்தார். சக்கரங்கள் சுழன்றன. முதலிற் பாட்டு வரவில்லை. நாற்காலி இழுபடும் ஓசை, ஓர் இருமல், கண்ணாடிக் குவளைகள் மோதும் சத்தம், ஏழு நரம்புக் கித்தாரைச் சுருதி சேர்க்கும் முயற்சி. பின்னர் எழுந்தது அந்தக் குரல். இனிமையான குரலென்று சொல்லேன். கரகரத்த குரல், சந்தையிற் கூவித் தொண்டை கட்டியவனைப்போல. கர்நாடக சங்கீதத்திற் பழகிய என் செவி முதலிற் பின்வாங்கியது.

சிறிது நேரத்தின் பின்னரே அதன் விசித்திரம் புலப்பட்டது. நம் பாடகர் உயிரெழுத்தை நீட்டுவர். இவரோ மெய்யெழுத்தை நீட்டுகிறார்! நமது இலக்கணத்திலும் ஒற்றளபெடை உண்டு. ஆனால் நன்னூலார் அளபெடுக்கும் ஒற்றுக்களுள் ரகரத்தைச் சேர்க்கவில்லை. விசோத்ஸ்கி நீட்டியதோ அந்த ரகரத்தையே. வண்டிச் சில்லு கல்லில் உராய்வதுபோல நீட்டினார். வகுப்பிலே ஒற்றளபெடை கற்பிக்கும்போது மாணவர் கொட்டாவி விடுவதுண்டு. இந்த நாடா கையிலிருந்தால் விடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பொருளை முதியவர் ஆங்கிலத்திற் சொன்னார். பாதாளத்தின் விளிம்பிலே குதிரை வண்டி ஓட்டுகிறான் ஒருவன். சற்று மெல்லப் போகுமாறு குதிரைகளை மன்றாடுகிறான். சவுக்கால் அடிப்பவனும் அவனேதான். அதன்பின் வந்தவை யுத்தப் பாடல்கள். போர் முடிந்தபோது ஏழு வயதுப் பிள்ளை அவர். ஆயினும், தம்மோடு ஒரே படையில் நின்றவரோ என்று பழைய வீரர்கள் அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்களாம். இதனை நான் நம்புகிறேன். சொல் விளங்காத எனக்கே, கேட்டுக்கொண்டிருக்கையில் வன்னி வீதிகள் நினைவில் வந்தன.

ஒரு பாட்டின் நடுவே கதவு தட்டும் ஓசை. உடனே இரண்டு மூன்று பேரின் அடக்கிய சிரிப்பு. முதியவர் கையை உயர்த்தினார்.

“இது அவருடைய சபையில் எழுந்ததன்று. எங்கள் விடுதி அறை. எங்களிடம் இணைக்கும் கம்பி இருக்கவில்லை. ஒரு கருவியின் முன்னே மற்றதன் ஒலிவாங்கியைப் பிடித்துப் பிரதி எடுத்தோம். பிடித்துக்கொண்டிருந்தவர் உம்முடைய சித்தப்பா. காவலாளி கதவைத் தட்டினான். சிரிப்பை எவராலும் அடக்க முடியவில்லை.”

“அதில் எந்தச் சிரிப்பு அவருடையது?”

“மறந்துபோயிற்று, தம்பி.”

நாடாவைப் பின்னோக்கிச் சுற்றச் சொன்னேன். மறுபடியும் கதவு தட்டப்பட்டது, மறுபடியும் சிரிப்பு. சித்தப்பா வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது சிறு வயதிலே. அதுவும் விறாந்தையில், எல்லாரும் சேர்ந்திருந்த வேளைகளில். மூன்றாம் முறையும் கேட்டேன். நடுவிலுள்ளதுபோலத் தோன்றிற்று, நிச்சயமாகச் சொல்ல இயலவில்லை. இரவு ஒன்பது மணியாகியும் யன்னலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. முதியவர் தேநீரை எனக்கருகே நகர்த்தி வைத்துவிட்டு, நான் கேளாமலே மீண்டும் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றினார்.