ஆய்லரின் பத்து இலக்க எண்

2147483647. இருநூற்றுப் பதினான்கு கோடியைத் தாண்டிய இந்த எண்ணின் மேல் எனக்கு நெடுநாளாய் ஒரு பிரியம். 2-இன் 31ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் இது வரும். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத பகா எண். 1772இல் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த லியோன்ஹார்ட் ஆய்லர் இதை நிறுவினார். அப்போது அவர் அறுபதுகளின் நடுவில் இருந்தார். பார்வை ஏறக்குறைய முழுதும் போயிருந்தது.

ஓர் எண் பகா எண்ணா என்று அறிய, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இங்கே வர்க்கமூலம் 46340-ஐச் சற்றே தாண்டும். அதற்குள் 4792 பகா எண்கள் இருக்கின்றன. கையால் செய்ய நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. ஆய்லர் வகுக்கத் தொடங்கும் முன் யோசித்தார். இந்த எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அதை 62ஆல் வகுக்கும்போது 1 மீதி வந்தாக வேண்டும். 8ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7 மீதி வர வேண்டும். முதல் விதி ஃபெர்மாவின் சிறிய தேற்றத்திலிருந்து நேரே கிடைப்பது. இரண்டையும் சேர்த்தால் சோதிக்க வேண்டியவை 372 எண்களுக்குள் அடங்கிவிடுகின்றன. அவற்றிலும் பகா எண் அல்லாதவற்றைத் தள்ளிவிடலாம். கணிதத்தில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்: காரணம் புரிந்தால் உழைப்பு குறைகிறது, உறுதி துளியும் குறைவதில்லை.

இந்தப் பகா எண்ணை 2-இன் 30ஆம் அடுக்கால் பெருக்கினால் 2305843008139952128 என்ற நிறைவு எண் கிடைக்கும். தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகளையெல்லாம் கூட்டினால் தானே வரும் எண் அது. இதைவிடப் பெரிய நிறைவு எண் இனிக் கண்டுபிடிக்கப்படாது, பயனில்லாத வெறும் விந்தைக்காக யாரும் அவ்வளவு பாடுபட மாட்டார்கள் என்று 1811இல் பீட்டர் பார்லோ எழுதினார். 1876இலேயே எட்வர்ட் லூகா, 2-இன் 127ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 39 இலக்க எண்ணைப் பகா எண் என்று காட்டிவிட்டார். அதிலிருந்து இன்னும் பெரிய நிறைவு எண் பிறந்தது.

பயனில்லை என்ற தீர்ப்பும் நிற்கவில்லை. ஓர் எண்ணை 16807ஆல் பெருக்கி, 2147483647ஆல் வகுத்து, மீதியை எடுத்துக்கொண்டு, அதையே மறுபடி பெருக்கி வகுத்துக்கொண்டே போகும் முறை 1969இல் கணினிகளுக்காக வெளியானது. தற்போக்கு எண்களைப் போன்ற வரிசை ஒன்றை அது தரும். தொடங்கிய இடத்துக்குத் திரும்பும் முன் 1 முதல் 2147483646 வரை ஒவ்வோர் எண்ணையும் ஒரே ஒரு முறை தொட்டுவரும். வகுக்கும் எண் பகா எண்ணாக இல்லாவிட்டால் இப்படி ஒன்றுவிடாமல் தொட முடியாது.

ஆய்லரின் வழியை நீங்களும் ஒரு தாளில் செய்து பார்க்கலாம். 2-இன் 13ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தால் 8191. அதன் வர்க்கமூலம் சுமார் 90. முன்பு 31-இன் இருமடங்கான 62 போல, இங்கே காரணியை 13-இன் இருமடங்கான 26ஆல் வகுத்தால் 1 மீதி வர வேண்டும். ஆகவே 27, 53, 79. 8ஆல் வகுக்கும் விதியும் சேர்ந்தால் எஞ்சுவது 79 மட்டுமே. வகுத்துப் பாருங்கள், 54 மீதி வரும். 8191 பகா எண்.