இனிப்பு வாங்கிய கை

பூனாகலைத் தோட்டப் பெண்களுக்கு, நைஜீரியக் கவிஞர் சினுவா ஆச்சிபேயின் ‘பிணந்தின்னிக் கழுகுகள்’ கவிதையைக் கதையாகச் சொன்னேன். பெல்சன் வதைமுகாம் அதிகாரி வேலை முடிந்து செல்கையில் தன் பிள்ளைக்கு இனிப்பு வாங்குகிறான். பிணம் எரித்த நெடி அவன் மூக்கில் இன்னும் இருக்கிறது.

ஓர் அம்மா கேட்டார்: “பிந்துனுவெவயில வெட்டினவங்களும் புள்ளகுட்டிக்காரங்கதானே, மிஸ்?”

2000 ஒக்டோபர் 25இல் பண்டாரவளைக்கு அருகிலுள்ள அந்தப் புனர்வாழ்வு முகாமில் 25க்கும் மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டனர்.

பயாஃப்ரா போரை அனுபவித்த ஆச்சிபே, கொடியவனிடமும் அன்பு இருப்பதற்காக மகிழ்வதா, அந்த அன்போடு தீமையும் ஒட்டியிருப்பதற்காகக் கலங்குவதா என்ற இடத்தில் நம்மை நிறுத்துகிறார்.

சகோதரிகளே, தன் பிள்ளையோடு முடியும் அன்பு போதாது. வேறு மொழி பேசும் பிள்ளைக்கும் ஒரு தாய் உண்டென்று, சோறூட்டும்போதே நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.