குல்மார்க்கில் ஒரு கரடி!

"சாகிறதுக்குள்ளே ஒரு தடவை பனியைத் தொட்டுப் பார்க்கணும்டா" என்று அம்மா பத்து வருஷமாகச் சொல்லிக் கொண்டிருந்தாள். ஒரு ஜனவரியில் குல்மார்க் கூட்டிப் போனேன். ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். உயரம் 2,650 மீட்டர். டங்மார்க்கில் ஓவர்கோட், கம்பூட்ஸ் வாடகைக்கு. அதற்கு மேல், சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டி.

இறங்கியதும் அம்மா ஒரு கை பனியை அள்ளினாள். "பிரிட்ஜ் ஐஸ் மாதிரி இல்லையேடா... பச்சரிசி மாவு மாதிரின்னா இருக்கு!" என்று சிரித்தாள் பாருங்கள், நாற்பது படம் தட்டினேன்.

ராத்திரி ரூமில் பார்த்தால் பனியெல்லாம் சிமென்ட் கலர். நடுவே ஓவர்கோட்டுக்குள் கறுப்பாக ஏதோ. "யாருடா இந்தக் கரடி?" என்றாள் அம்மா.

மறுநாள் காலை, டூரிஸ்ட்டுகளைப் படமெடுத்துப் பிழைக்கும் ஒரு காஷ்மீரியிடம் காட்டிப் புலம்பினேன். "கேமராவை நம்பினீங்களா, சாப்?" என்று சிரித்தார். விஷயம் இதுதான்: எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கேமரா மீட்டருக்கு நினைப்பு. எருமையைக் காட்டினால் வெளுக்கும். பனியைக் காட்டினால், 'ஐயோ, வெளிச்சம் ஜாஸ்தி' என்று குறைத்துவிடும்! நாம்தான் எதிர்த்துப் போகணும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் பிளஸ் ஒன்று. படம் முழுக்க வெள்ளை என்றால் ஒன்றரை, இரண்டு வரைகூட. செல்போன் என்றால் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியப் பொம்மையை மேலே தள்ளுங்கள். ரொம்பத் தள்ளினால் பனி வெறும் காகிதமாகிவிடும், ஜாக்கிரதை.

உச்சி வெயிலில் பனி தட்டையாகத்தான் தெரியும். காலை, மாலைச் சாய்வெயிலில்தான் மேடு பள்ளம் எழும்பும். நிழல் நீலமாக விழுந்தால் பயப்படாதீர்கள். அது வானத்தின் கைங்கரியம்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். அவர் உபரி பேட்டரியை ஃபெரன் அங்கிக்குள், நெஞ்சுப் பக்கம் வைத்திருந்தார். (உள்ளே காங்ரி என்ற கனல் சட்டி வேறு! அதன் பக்கத்தில் வைத்துத் தொலைக்காதீர்கள்.) ரூமுக்குத் திரும்பும்போது கேமராவை வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டணும். ஒரு மணி நேரம் பிரிக்கக் கூடாது. ஏஸி காரிலிருந்து இறங்கினால் மூக்குக்கண்ணாடி வேர்க்குமே, அதே கதைதான்.

இத்தனையும் கற்றுக்கொண்டு ஓடினால், அம்மாவுக்கு முழங்கால் வீக்கம். மத்தியானம் கிளம்பியாகணும். "நேத்தே தொட்டாச்சேடா, போதும்" என்றாள். கெஞ்சி வராந்தாவுக்கு அழைத்து வந்து, கைப்பிடிச் சுவரில் கிடந்த பனியை அள்ளச் சொல்லி, பிளஸ் ஒன்றில் ஒரே ஒரு படம். பனி பளீர் வெள்ளை. அம்மாவின் மூக்குத்தி வரை தெரிகிறது.

அதைத்தான் பெரிசு பண்ணி ஹாலில் மாட்டியிருக்கிறேன். அம்மா தன் போனில் வைத்திருப்பதோ கரடிப் படம்.

"அதுலதான்டா சிரிக்கிறேன்" என்கிறாள்.