ஒற்றை விரல் போதும்

"முன் பிரேக்கைப் பிடிக்காதே, குப்புறக் கவுந்துடுவே." நம்மூரில் சைக்கிள் பழகிய எல்லோர் காதிலும் விழுந்த எச்சரிக்கை இது. மலைச் சைக்கிளுக்கு மாறியவர்கள் முதலில் மறக்க வேண்டியதும் இதைத்தான். இறக்கத்தில் பிரேக் பிடித்ததும் பாரம் முழுக்க முன்னால் சாய்கிறது. லேசாகிப்போன பின் சக்கரத்தை இறுக்கினால் அது உருளாமல் இழுபடும், சரளையை வாரியடிக்கும். வேகம் அவ்வளவாகக் குறையாது. நிஜமாக நிறுத்துவது முன் சக்கரம். குதிகாலைத் தாழ்த்தி, இடுப்பைச் சற்றுப் பின்னே தள்ளி, முன் லீவரைப் படிப்படியாக அழுத்தினால் யாரும் கவிழ்வதில்லை.

அந்தப் படிப்படி விரலுக்கு வசப்பட வேண்டுமானால் லீவர் சரியான இடத்தில் இருக்க வேண்டும். பல சைக்கிள்களில் அதைக் கைப்பிடியை ஒட்டியே மாட்டியிருப்பார்கள். ஆள்காட்டி விரல் லீவரின் நடுவில் படும், பலம் போதாது, நடுவிரலும் துணைக்கு வரும். அப்புறம் ஹேண்டில்பாரைப் பிடிக்க என்ன மிஞ்சும்? ஆலன் கீயால் திருகைத் தளர்த்தி, லீவரை உள்பக்கமாக நகர்த்தி, ஆள்காட்டி விரல் அதன் வளைந்த நுனியில் படியும்படி வைத்தால் நெம்புகோல் கணக்கு நம் பக்கம் வந்துவிடும். இன்றைய ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குக்கு ஒரு விரல் தாராளம். திருகை மறுபடி முறுக்கும்போது வெறியோடு முறுக்க வேண்டாம். விழுந்தால் லீவர் சுழன்று தப்பிக்கட்டும்.

கோணத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சீட்டில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு லீவரைச் சரிபார்க்கிறார்கள். இறக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பெடல்மேல் எழுந்து நின்று, முழங்கையை விரித்து, அந்த நிலையில் மணிக்கட்டு மடியாமல் விரல் லீவரைத் தொட வேண்டும். மணிக்கட்டு மடிந்தால் கொஞ்ச தூரத்திலேயே முன்கை இறுகி மரத்துப்போகும்.

பிரேக்கின் பாடு எப்போதும் இறக்கத்தில்தான். 1976-இல் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், ஃபேர்ஃபேக்ஸ் ஊருக்கு அருகே, பழைய தடித்த டயர் சைக்கிள்களில் இளைஞர்கள் மலையிறங்கிப் பந்தயம் விட்டார்கள். ஏறத்தாழ 2 மைலில் 1,300 அடி இறக்கம். அந்தச் சைக்கிள்களில் இருந்தது பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். கீழே வருவதற்குள் ஹப்பிலிருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். பிரித்து மறுபடி அடைக்க வேண்டும். அதனால்தான் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர். அங்கே ஓடிய ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் போன்றவர்கள்தான் பிறகு மலைச் சைக்கிளையே உருவாக்கினார்கள்.

இன்றைய டிஸ்க் பிரேக்கில் அந்த கிரீஸ் தொல்லை போய்விட்டது, சூடு போகவில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் லீவரை விடாமல் தேய்த்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க் கொதிக்கும், பேட் பளபளத்துப் பிடிப்பை இழக்கும். வளைவுக்கு முன்பே, நேராக இருக்கும்போதே, அழுத்திப் பிடித்து வேகத்தைக் கொன்றுவிட்டு, பிறகு விட்டுவிட வேண்டும். டயரின் பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி. பிரேக்குக்குச் செலவானது போக மிச்சம்தான் திரும்புவதற்கு. பயத்தில் இருக்கும் விரலுக்குப் பிடிப்பது சுலபம், விடுவதுதான் வராது. அதற்கு நான் கண்ட ஒரே வழி, ஒரே இறக்கத்தில் திரும்பத் திரும்ப இறங்குவது.

இன்னொன்று. அமெரிக்காவில் இடது லீவர் முன் சக்கரத்துக்கு. பிரிட்டனிலும் நம் நாட்டிலும் வழக்கமாக வலது. நண்பரின் வெளிநாட்டுச் சைக்கிளை இரவல் வாங்குகிறவர் மலையேறும் முன், சமதரையில் இரண்டையும் தனித்தனியே பிடித்துப் பார்த்துவிடுவது நல்லது.