கறளுக்கு மேல் பூசிய நிறம்



கார் வாங்குவது ஆண்களின் விஷயம், நமக்கென்ன என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்தக் காருக்குரிய பணம் பல வீடுகளில் உங்கள் கழுத்திலிருந்தும் கையிலிருந்தும்தான் போகிறது.

2020 மார்ச்சில் நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் வரியைக் கேட்டால் நடுத்தரக் குடும்பத்துக்குத் தலை சுற்றுகிறது. இந்த இடைவெளியில் பழைய கார்களுக்கு வந்த மவுசு கொஞ்சமல்ல. கொட்டிலில் கோழி அடைந்துகொண்டிருந்த மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் வெளியே வந்து விலை பேசின. இளைஞர்களின் கண்ணோ அதற்கும் மேலே, இரண்டு பேர் மட்டும் அமரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில்.

அக்குறணையில் எனக்குத் தெரிந்த ஓர் உம்மா. கட்டாரிலிருந்து வந்த அவருடைய மகன், கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு எம்.ஜி.பி. காரைப் பார்த்து மனதைப் பறிகொடுத்துவிட்டார். சிவப்பு நிறம், துணிக்கூரை. கையிலிருந்த பணம் போதவில்லை; மனைவியின் மஹர் நகையைக் கேட்டிருக்கிறார். "நீங்க ஒருக்கா வந்து பாருங்க ஹஸ்ரத்" என்றார் உம்மா. நான் ஓதிக்கொடுப்பவன், இரும்பைப் பற்றி எனக்கென்ன தெரியும்? நம்பிக்கையான டிங்கரிங் பாஸ் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அன்று அவரிடம் படித்ததைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

எம்.ஜி.பி. இங்கிலாந்தில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்டது. அதில் ஆக இளையதற்கே நாற்பது வயது தாண்டிவிட்டது. லொறிக்கு இருப்பது போல இதற்குத் தனியான சேசிஸ் கிடையாது, உடம்பேதான் எலும்பும். கூரை துணி என்பதால் பாரத்தைத் தாங்க மேலேயும் ஒன்றுமில்லை. கதவுகளுக்குக் கீழே இரண்டு பக்கமும் பெட்டி போல நீளமாக ஓடும் தகடுதான் முக்கியமாகத் தாங்குகிறது. அதைக் கறள் தின்றுவிட்டால் கார் நடுவில் தொய்ந்துவிடும்.

"கடலைக் கண்ணாலும் காணாத கார், மௌலவி. கண்டியிலேயே வளர்ந்தது" என்றார் விற்பவர். கடல் உப்பு கறளை விரைவாக்கும் என்பது உண்மைதான். ஆனால் இரும்பு கறள் பிடிக்க உப்பு அவசியமில்லை, தண்ணீரும் காற்றும் போதும். கண்டியில் தண்ணீருக்கா குறைவு? துணிக்கூரையில் ஒழுகும் மழை கால்விரிப்பின் அடியில் தேங்கும். சில்லுக்கு மேலே அப்பிய சேறு காயாமல் கிடக்கும். கதவின் அடியிலுள்ள சிறு துவாரங்கள் அடைபட்டால் கதவே தண்ணீர்த் தொட்டிதான்.

பாஸ் எஞ்சினைப் பார்க்கவேயில்லை. முதலில் கதவை மூடி, அதன் ஓரத்து இடைவெளியைப் பார்த்தார். கீழே விரல் நுழைந்தது. மேலே நகம்கூட நுழையவில்லை. பிறகு, பெயின்ட் கீறாதபடி துணியில் சுற்றிய சிறு காந்தத்தை எடுத்தார். இரும்பில் ஒட்டும், தடிப்பான புட்டியில் ஒட்டாது. (பொனட்டில் ஒட்டாவிட்டால் பயப்பட வேண்டாம். ஆரம்பகால எம்.ஜி.பி.க்களின் பொனட் அலுமினியம்.) கதவுக்குக் கீழே ஒரு முழ நீளத்துக்குக் காந்தம் வழுக்கி விழுந்தது. கால்விரிப்பைத் தூக்கினால் புதிய தார் பூச்சு. கடைசியில் ஜாக் வைத்துக் காரைத் தூக்கி, "இப்ப கதவைத் திறங்க தம்பி" என்றார். கதவு இறுகிக்கொண்டு வரவில்லை. வண்டியின் முதுகெலும்பு போய்விட்டது என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

விற்பவர் முகம் சுருங்கியது. "இருக்கிற மாதிரிதான் விற்கிறேன், பிறகு கதை இல்லை" என்றார்.

இந்தச் சொல்லை நம்மவர்களும் கூசாமல் சொல்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்கள் ஈரமாயின. மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்பவர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. அங்கும் குற்றம் மழையில் இல்லை, மறைத்ததில்தான் இருந்தது.

நமது ஷாபிஈ மத்ஹபின் சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். எந்தக் குறைக்கும் நான் பொறுப்பில்லை என்று நிபந்தனை போட்டு விற்றாலும், உயிருள்ள பிராணியின் உள்ளே மறைந்திருந்து விற்றவரே அறியாத குறையிலிருந்து மட்டும்தான் அவர் விடுபடுகிறார். காருக்கு அந்தச் சலுகை இல்லை. விற்பனைக்கு முன்பே இருந்த குறை பிறகு தெரியவந்தால் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் உடனே கொடுக்க வேண்டும். குறையைக் கண்டபிறகும் பேராதனைக்கும் கம்பளைக்கும் ஓட்டித் திரிந்தால் உரிமை போய்விடும். தெரிந்தே வாங்கியதற்கும் உரிமை இல்லை.

மற்றவை சுருக்கமாக. சேசிஸ் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா, விற்பவரின் பெயரில்தான் வண்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புகைப் பரிசோதனையில் தேறாமல் வருட லைசன்ஸ் கிடைக்காது. ரேடியேட்டர் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளேயும் கறள்தான். கடுகண்ணாவை ஏற்றத்தில் அது தன் கதையைச் சொல்லும். இரண்டு ஆசனக் காரில் பிள்ளைகளையும் மாமியையும் எங்கே உட்கார வைப்பது என்ற கேள்வியை நீங்கள்தான் கேட்க வேண்டும். ஆண்கள் கேட்கமாட்டார்கள்.

நகை விஷயத்துக்கு வருகிறேன். மஹர் பெண்ணின் சொத்து. அவள் மனமுவந்து கொடுத்தால்தான் கணவனுக்கு ஹலால். முகம் பார்த்தும் மாமிக்குப் பயந்தும் கழற்றிக் கொடுப்பது மனமுவந்ததாகாது. கடனாகக் கொடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள். ஸூரத்துல் பகராவின் 282வது வசனம் கடனை எழுதச் சொல்கிறது. கணவன் மனைவிக்கு மட்டும் அதில் விலக்கில்லை.

அந்தச் சிவப்புக் காரை மகன் வாங்கவில்லை. சில மாதங்களின் பின் கம்பளையில் ஒன்று கிடைத்தது. பெயின்ட் உரிந்து, பார்க்கவே பரிதாபம். ஆனால் அதன் சொந்தக்காரர், ஒரு வயதான மனிதர், ஓட்டை ஒவ்வொன்றையும் தானே தொட்டுக் காட்டி அதற்கேற்ற விலை சொன்னார். மருமகள் இரண்டு காப்புகளைக் கடனாகக் கொடுத்தார். எழுதிய கடதாசி அவருடைய அலுமாரியில் இருக்கிறது. கார் இன்னும் பாஸின் கொட்டிலில், தரைத்தகடு இல்லாமல், இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய தகடுகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.